ஐந்து நகம் இருந்தால் அரண்மனைக் கம்பளமா?

கேள்வி: எங்கள் தாத்தா 1930களில் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். அவர் கொண்டுவந்த டிராகன் கம்பளம் ஒன்று வீட்டில் இருக்கிறது. டிராகன் காலில் ஐந்து நகம் இருப்பதால் இது சீன அரண்மனைச் சரக்கு என்று சொல்லி, ஒரு வியாபாரி முன்பணத்தோடு வருகிறார். கொடுக்கலாமா? துவைத்தால் விலை கூடுமா?
– வாசகர், நாகலாபுரம், திருப்பதி மாவட்டம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் ஐயா. துவைக்கவே வேண்டாம்.

ஐந்து நக டிராகன் சீனப் பேரரசருக்கு உரிய சின்னம் என்பது உண்மை. ஆனால் 1912இல் சிங் வம்சம் முடிந்தபின் அதை யார் வேண்டுமானாலும் நெய்யலாம் என்றாகிவிட்டது. 1920களில் தியான்ஜின் நகரத் தறிகளில் வெளிநாட்டு விற்பனைக்கென்றே கம்பளங்கள் ஏராளமாக நெய்யப்பட்டன. தாத்தாவின் காலத்தைப் பார்த்தால் உங்களுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உண்மையான அரண்மனைக் கம்பளங்கள் மிக அரியவை. மிங் காலத்துக் கம்பளம் ஒன்று 2021இல் பாரிஸ் ஏலத்தில் சுமார் 69 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த விலையைக் காட்டித்தான் பலரும் ஆசை மூட்டுகிறார்கள்.

நகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். தரையில் விரித்தால் டிராகனின் உடல் இரு ஓரங்களிலும் துண்டுபட்டு நிற்கிறதா? அப்படியானால் இரண்டு நீள ஓரங்களையும் சேர்த்துக் குழாய்போல் பிடியுங்கள். துண்டுகள் கூடி, டிராகன் சுற்றிச் சுற்றி மேலேறினால் அது தூண் கம்பளம். புத்த மடாலயங்களின் மரத்தூண்களில் சுற்றிக் கட்டுவதற்காக நெய்தது. அடியில் அலையும் மலையும் இருக்கும். சீனாவின் நிங்சியா பகுதி இதற்குப் பேர்போனது. அரண்மனையோடு தொடர்பில்லாவிட்டாலும் நல்ல தூண் கம்பளத்துக்குத் தனி மதிப்பு உண்டு. முடிச்சு நெருக்கமாக இல்லை என்று யாராவது மட்டம் தட்டினால் கலங்காதீர்கள். பழைய நிங்சியா நெசவே அப்படித்தான். கம்பளியின் மென்மைதான் அதன் பெருமை.

நனைத்தால் சாயம் இறங்கிவிடக்கூடும். மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஆகாது. அவ்வப்போது பிரித்துப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

நூறு ஆண்டு கடந்திருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு விலை பேசும் வியாபாரியிடம் இதைச் சொல்லுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வாங்கும் எண்ணம் இல்லாத ஒரு துணிக் காப்பு நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை முன்பணத்தைத் தொடாதீர்கள்.