துப்பும் தீர்ப்பும்

துப்பறியும் கதை படிப்பது வீண்பொழுது என்பர் சிலர். நான் அவ்வாறு கருதுவதில்லை. நல்ல துப்பறியும் கதை, சோதனைச் சாலையில் நாம் செய்யும் வேலைக்கு உடன்பிறப்பு. இரண்டிலும் முதலில் சான்று, பிறகே முடிவு. இவ்வொழுங்கு தவறிய நூல், எத்துணை விறுவிறுப்பாக இருப்பினும், ஏமாற்றமே தரும். அகதா கிறிஸ்டியின் 'தி பிக் ஃபோர்' எனக்குத் தந்தது அத்தகைய ஏமாற்றமே. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஆசிரியரின் பெருமையைக் கூறுதல் கடன். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி, மருந்துகளின் இயல்பைக் கற்றவர் அவர். துப்பறிவாளர் புவாரோ முதன்முதல் தோன்றும் 1920ஆம் ஆண்டுப் புதினம் அக்கல்வியின் விளைவு. அதில் ஒரு மூதாட்டி அருந்தும் மருந்தில் ஸ்ட்ரிக்னைன் சிறிதளவே கரைந்துள்ளது. புரோமைடுத் தூளைச் சேர்த்தால் அந்நஞ்சு வீழ்படிவாகிப் புட்டியின் அடியில் தங்கும். கடைசி வேளை மருந்து உயிரைக் குடிக்கும். இது மாயமன்று, வேதியியல். மருந்தும் தூளும் முன்னரே நம் கண்முன் வைக்கப்படுகின்றன. விடை தெரிந்ததும், 'இது நமக்குத் தோன்றவில்லையே!' என வியக்கிறோம்.

1927ஆம் ஆண்டில் வந்த 'தி பிக் ஃபோர்' நிலை வேறு. 1924ஆம் ஆண்டில் 'தி ஸ்கெட்ச்' இதழில் தனித்தனியே வெளியான கதைகளை இணைத்துத் தைத்த நூல் அது. 1926ஆம் ஆண்டில் ஆசிரியர் தாயை இழந்தார், மணவாழ்வும் முறிந்தது. அத்துயருக்கு நாம் இரங்கலாம். ஆயினும் நூலின் குறை குறையே.

உலகை ஆளச் சதி செய்வோர் நால்வர். அவருள் ஒருவர் ரேடியம் ஆராயும் பிரெஞ்சுப் பெண் அறிஞர். அறிவியல் மாணவனாகிய நான் ஆவலோடு பக்கங்களைப் புரட்டினேன். கண்டதென்ன? இன்னதென்று விளங்காத பேராற்றல் ஒன்று உலகை மிரட்டுகிறது, அவ்வளவே. முதல் நூலில் விதியாக நின்ற அறிவியல் இங்கே மந்திரக்கோலாகிவிட்டது. 1929ஆம் ஆண்டில் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். எவரும் அறியாத புது நஞ்சைப் புகுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆசிரியர் மட்டுமே அறிந்த பொருளைக் கொண்டு வாசகர் எவ்வாறு கணக்கிடுவது?

நூல் முழுதும் பதர் என்று சொல்லேன். சதுரங்கப் பகுதி நல்ல மணி. ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென இறக்கிறார். அவர் கையிலிருந்த வெள்ளை மந்திரியையும் அதன் இணையையும் புவாரோ நிறுத்துப் பார்க்கிறார்; எடை வேறுபடுகிறது. உள்ளே உலோகத் தண்டு. பலகைக்கு அடியில் மின்சாரம்! ஒரு தராசு செய்த வேலையை உலகை அழிக்கும் ஆற்றல் செய்யவில்லை.

இன்னொரு குறை இதனினும் பெரிது. சதியின் தலைவன் சீனன். அவன் கதையில் நேரே தோன்றுவதே இல்லை. சீனன் என்பதே அவனை அஞ்சப் போதிய காரணம் என்பது நூலின் போக்கு. சான்றில்லாத் தீர்ப்பு அன்றோ இது? பிறந்த மண்ணை விட்டுவந்து பயிலும் நாம் இதன் சுவையை அறிவோம். வாய்மொழி கேட்ட அளவிலேயே நம் குணத்தை அளந்துவிடுவோர் உளர். விடுதி அறையில் பிற மாநிலத்தாரை நாமும் அவ்வாறே அளப்பதுண்டு.

ஆதலின் நண்பர்களே, கதை படிக்கும்போதும் 'சான்று எங்கே?' என்று கேட்டுப் பழகுவோம். அக்கேள்வி சோதனைச் சாலைக்கு மட்டும் உரியதன்று.