தாயின் கண்ணையும் பார்

அன்புள்ள தங்கைக்கு,

நெம்மேலிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். வீடு வீடாகப் போகும்போது நீ அடிக்கடி கேட்கப்போகும் பேச்சு இது: “புள்ளைக்கு வயித்துல பூச்சி போல, ராத்திரில பல்லை நறநறன்னு கடிக்குது.” பல் கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று சொல்ல முடியாது. முகத்தில் வெளிறிய தேமலும் அதற்கு அடையாளமல்ல. இனிப்புத் தின்பதாலும் பூச்சி வராது. இதற்காக அந்தத் தாயைக் கடிந்துகொள்ளாதே. அவள் பிள்ளையைக் காட்டும்போது அவளையும் பார்.

குடற்புழு இருப்பவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. கொக்கிப்புழு உள்ள பெண் பூச்சி என்றே சொல்லமாட்டாள். “அசதியா இருக்கு, குடம் தூக்கினா மூச்சு வாங்குது” என்பாள். கீழ் இமையை இழுத்து, வெளுத்திருக்கிறதா என்று பார். நாக்கையும் உள்ளங்கையையும் பார். பச்சரிசி, மண், சாம்பல் என்று எதையாவது வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உண்டா என்று தனியாகக் கேள். நாலுபேர் நடுவில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். தென்னிந்தியாவில் அதிகம் காணும் வகையில், ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் போகவைக்கிறது. நூறு புழு இருந்தால் மாதம் 90 மில்லி. மாதாமாதம் இன்னொரு தீட்டு வந்ததுபோல. ஏற்கெனவே சத்துக் குறைந்த உடம்பு இதைத் தாங்குமா?

அடுத்து காலைப் பார். பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு நிழலில் ஈரம் நிற்கும் மணல்தான் இந்தப் புழுவின் குஞ்சுக்குப் பிடித்த இடம். வெளிக்குப் போக அங்கே செருப்பில்லாமல் போகிறவர்களின் காலில் அது தோல் வழியே நுழையும்; விரலிடுக்கில் முதலில் அரிப்பும் சிறு கொப்புளமும் வரும். தோலுக்குள் சிவந்த கோடு நெளிந்து நெளிந்து நாளுக்கு நாள் நகர்ந்தால், அது பெரும்பாலும் நாயின் கொக்கிப்புழு. கடற்கரை மணலில் விளையாடும் பிள்ளைகளிடம் இதைக் காணலாம். அது மனிதக் குடலுக்குப் போவது மிக அரிது. ஆனால் அரிப்பு தூங்கவிடாது. மருத்துவரிடம் அனுப்பு.

இரவில் ஆசனவாயில் அரிப்பென்று பிள்ளை அழுதால் நூல்போன்ற வெள்ளைக் கீரிப்பூச்சியாக இருக்கும். காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பை அங்கே ஒட்டியெடுத்து ஆய்வகத்துக்குக் கொடு. மலத்தில் இதன் முட்டை பெரும்பாலும் அகப்படாது. மருந்து வீட்டில் எல்லோருக்கும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல்: 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் 200. அந்த மாத்திரை போட்டாயிற்று என்று சோகையை விட்டுவிடாதே. மண்ணில் மலம் கலப்பது நிற்காவிட்டால் சில மாதத்தில் புழு திரும்ப வரும். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதம் இந்த மாத்திரை கூடாது. வலிப்பு வந்த வரலாறு உள்ளவருக்கு நீயாக எதுவும் கொடுக்காதே; மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் மாத்திரையே வலிப்பைக் கிளப்பலாம். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலமும் காற்றும் போகாத பிள்ளையைக் கண்டால் மாத்திரையை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடு. உருண்டைப்புழு குடலை அடைத்திருக்கலாம்.

மலம் வாங்கினால் அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போகட்டும்; கொக்கிப்புழு முட்டை சீக்கிரம் சிதைந்துவிடும். ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்தாலும், இமை வெளுத்திருந்தால் மறுபடியும் அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா