பார்க் பக்கத்துலதான் வீடு... பி.பி. குறையுமா?

நாலு ரவுண்டு வேகமாக நடந்துவிட்டு வியர்வை காய்வதற்குள், பூங்கா வாசலில் பி.பி. பார்ப்பவரிடம் கையை நீட்டுபவரா நீங்கள்? 150 என்று காட்டியதும் 'தினமும் நடந்தும் குறையலையே' என்று பதறவேண்டாம். நடக்கும்போது பி.பி. ஏறுவது இயல்புதான். ஓய்வில் இருக்கும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காருங்கள். கை, நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். நடந்த பிறகும் காபி குடித்த பிறகும் அரை மணி நேரமாவது கழித்துப் பாருங்கள்.

சரி, பூங்காவுக்குப் போனால் பி.பி. குறையுமா? பின்லாந்தின் ஹெல்சின்கி வட்டாரத்தில் சுமார் 6,000 பேரிடம் தகவல் திரட்டிய ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. வாரத்துக்கு ஒரு தடவைகூடப் பசுமையான இடங்களுக்குப் போகாதவர்களைவிட, 3, 4 தடவை போனவர்கள் பி.பி. மாத்திரை எடுப்பது குறைவாக இருந்ததாம். சுவாரஸ்யம் எதில் தெரியுமா? ஜன்னல் வழியாக மரம் தெரிவதற்கும், வீட்டைச் சுற்றி எவ்வளவு பசுமை என்பதற்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. போனவர்களுக்குத்தான்! நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களே அதிகம் வெளியே போயிருக்கலாம் என்பதால் இதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், 'பார்க் வியூ' ஃபிளாட்டுக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஹாரன் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழும்போது உடம்பு பதற்றத்திலேயே இருக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. வாகனப் புகையும் அதே வேலையைச் செய்கிறது. மரங்களுக்கு நடுவே நடந்தால் இவை குறையும், வெயிலும் தணியும், நாலு பேரோடு பேச்சும் நடக்கும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினம் அரை மணி நேரம், ஐந்து நாள் நடந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. என் பெரியப்பா மூன்று மாதம் விடாமல் நடந்தார். அளவு 130-க்கு வந்ததும் 'இனி எதுக்கு மாத்திரை' என்று தானாகவே நிறுத்திவிட்டார். தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லை. பி.பி. அப்படித்தான், சொல்லாமலே ஏறும். அடுத்த பரிசோதனையில் 180! மாத்திரையும் நடையும் சேர்ந்துதான் 130-ஐக் கொண்டுவந்தன என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவு.

வெவ்வேறு நாள்களில் பார்த்தும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, அதற்கு மேல் காட்டினால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரைப் பரிசோதனை வீட்டுக்கே வருகிறது. தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் வீடு தேடி வரும். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

உங்கள் பகுதிப் பூங்காவில் விளக்கு எரியவில்லையா, நடைபாதை பெயர்ந்து கிடக்கிறதா? சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். புகார் எண்ணை மறக்காமல் குறித்து வையுங்கள், பின்னால் விசாரிக்க அதுதான் உதவும்.