பிள்ளை மொழிபெயர்த்தால் போதுமா?

"கூட வந்த பிள்ளைக்குச் சிங்களம் தெரியும், சமாளிச்சிரலாம்." கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்குப் போகிறவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள், மருந்து எழுதுகிறவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது.

மாதவிடாய் நின்று வருடங்களான பிறகும் இரத்தம் போகிறது என்பதைப் பத்தாம் தரம் படிக்கும் மகன் முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? "வயித்து வலி" என்று முடித்துக்கொள்வாள். மகனும் அதையே சிங்களத்தில் சொல்வான். வைத்தியர் வயிற்று வலிக்கு மருந்து எழுதுவார். மூவரும் நேர்மையாகத்தான் நடந்தார்கள். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடிய விஷயம் வைத்தியர் காதுக்கு எட்டவேயில்லை.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பிள்ளைகளை வைத்தியரிடம் காட்டிய உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளர்களும் தவறினார்கள். ஆனால் அவர்கள் செய்த பிழைகளில் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை 53 சதவீதம், அந்த நேரத்துக்குக் கிடைத்தவர்கள் செய்தவற்றில் 77 சதவீதம்.

"தமிழில் பேசச் சொன்னால் ஊழியர்கள் கோபிப்பார்கள், பேசினால் அது அவர்கள் காட்டும் தயவு" என்பது இன்னொரு நம்பிக்கை. தயவு அல்ல, சட்டம். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொஸ்லந்த அடங்கும் ஹல்தும்முல்ல பிரிவு 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனமானது. 2007 ஜூலை முதல் சேர்ந்த அரச ஊழியர்கள் ஐந்து வருடங்களுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

அதற்காக, பரீட்சையில் தேறியவர் எல்லாம் நோயாளியோடு பேசிவிடுவார் என்று எண்ணக் கூடாது. கடிதம் எழுதும் தமிழ் வேறு, "நெஞ்சு கரிக்குது, கைகால் உளையுது" என்று தோட்டத்து லயத்தில் சொல்லும் தமிழ் வேறு. அதைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி எதுவென்று தெரிந்த தாதியும் மருத்துவிச்சியும்தான் தேவை. தோட்டத்துப் பிள்ளைகள் தாதி, மருத்துவிச்சிப் பயிற்சிகளுக்குள் போக வழி திறந்தால் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள்.

அதுவரை அந்தரங்கமான நோயென்றால் பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஊழியரை அழைக்கக் கேளுங்கள். மருந்து தருகிறவர், எத்தனை வில்லை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்த பிறகு அனுப்பட்டும்.