பாரம் இழுக்கப் பழைய டிராக்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கரும்பு வெட்டுக் காலம் நெருங்கும்போது பழைய டிராக்டர்கள் கைமாறுவது வழக்கம். வாங்க வருகிற விவசாயி எஞ்சினை முடுக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, இழுவை நன்றாக இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார். உழவுக்கு மட்டும் என்றால் இதனால் பெரிய கேடு இல்லை. கலப்பை மண்ணில் இருக்கும்போது கிளட்சை மிதித்தாலே வண்டி நின்றுவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லரோ, பிரேக் போட்ட பிறகும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும்.

35 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். காலி டிரெய்லர் ஒன்றரை டன், அதில் கரும்பு 5 டன் என்று வைத்துக்கொண்டால், தன்னைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட எடையை அந்த வண்டி தடுத்து நிறுத்த வேண்டும். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. ஆகவே, நிறுத்தும் சக்தியையே முதலில் சோதிக்க வேண்டும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. சாலையில் ஓட்டும்போது இரண்டையும் கொண்டியால் இணைத்துவிட வேண்டும். பழைய வண்டிகளில் இந்தக் கொண்டி காணாமல் போயிருப்பதே அதிகம். கொண்டியை மாட்டி, சமமான மண் சாலையில் ஓட்டி பிரேக் போட்டால், இரு பின் சக்கரங்களின் தடமும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால், பாரத்தோடு போகும்போது டிரெய்லர் மடங்கி டிராக்டரையே புரட்டிவிடக்கூடும். சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நஞ்சைப் பகுதியில் கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு செய்த வண்டிகளில் சேறு புகுந்து ஆயில் சீல் கெட்டிருக்கும். எண்ணெய் படிந்த பிரேக் பிடிக்காது.

அடுத்தது கியர். இறக்கத்தில் டிரெய்லர் தள்ளும்போது தேய்ந்த கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அப்போது எஞ்சின் தரும் பிடிப்பும் போய், வண்டி பாரத்தின் வசமாகிறது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. விற்பவரிடம் பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டித் தரச் சொல்லி, ஏற்றம் இறக்கம் உள்ள சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், அனுபவமுள்ள ஓட்டுநரைக் கொண்டு நிதானமாக ஓட்டிப் பார்ப்பது அவசியம். அதற்கு இணங்காதவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

கிளட்சைச் சோதிப்பது எளிது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

டிரெய்லர் பூட்டும் இடம் வண்டியின் பழைய கதையைச் சொல்லிவிடும். பின் செருகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வண்டி நிறையப் பாரம் இழுத்தது என்று அறியலாம். ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை மாற்றியிருந்தாலும் இதை மறைக்க முடியாது. பற்றவைத்த தழும்பு இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில்தான் பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே உயரத்தில் பூட்டி இழுத்தால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, வண்டி பின்பக்கமாகக் கவிழும். இரு சக்கர டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழுவதால், அப்போதும் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். முன் அச்சை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் கிங்பின் தேய்மானம் தெரிந்துவிடும்.

எஞ்சினைக் காலையில் குளிர்ந்த நிலையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

3 ஏக்கர் கரும்பில் ஏக்கருக்கு 40 டன் கிடைத்தாலும் 5 டன் வீதம் 24 நடைதான். இதற்காக மட்டும் டிராக்டர் வாங்குவதைவிட வாடகை மேல். பிறருக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை வரி வரியாகப் படிக்க வேண்டும். விவசாய உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியோடு செங்கல், மணல் ஏற்றிப்போய் விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு கொடுக்கக் கம்பெனி மறுக்கலாம். டிரெய்லரில் ஆட்களை ஏற்றினாலும் இதே கதிதான்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். பாங்குக் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்கலாகாது. உரிமை மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்களில் விற்பவர் கையொப்பம் வேண்டும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. அதன் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.