விற்பனை மேஜைக்கு ஏற்ற ஸ்டூல்

கடையில் வேலை செய்வோர் இடையிடையே உட்காரத் தகுந்த இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நம்மில் பலர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வாங்கிப் போட்டதோடு சரி. கடை ஆட்களோ அதில் உட்காருவதில்லை. ஏறி நின்று மேல்தட்டுச் சாமானை எடுக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, உயரத்தில் இருக்கிறது.

சாதாரண ஸ்டூல் சுமார் 18 அங்குலம். நின்று வியாபாரம் செய்யும் மேஜை 36 அங்குலம். உட்கார்ந்தால் மேஜை நெஞ்சை முட்டும், தராசு எட்டாது. மேஜை உயரத்தில் 10 முதல் 12 அங்குலம் கழித்தால் வருவதே இருக்கையின் உயரம். 36-க்கு 24 முதல் 26. 30 அங்குலக் கல்லா மேஜைக்கு 18 முதல் 20.

படத்தைக் காட்டி ஸ்டூல் செய்யச் சொல்வோர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ 1933-இல் வடிவமைத்த புகழ்பெற்ற முக்காலியின் உயரம் 44 சென்டிமீட்டர், ஏறக்குறைய பதினேழே கால் அங்குலம். அமெரிக்காவின் ஈம்ஸ் தம்பதியர் 1960-இல் வால்நட் மரத்தைக் கடைந்து செய்த ஸ்டூல் 15 அங்குலம்தான். அழகானவை, நம் மேஜைக்கு உதவா.

ஆனால் அவற்றின் எளிமையை எடுத்துக்கொள்ளலாம். மூலையில்லாத வட்டப் பலகை, 13 அங்குலம் போதும். சாய்மானம் வேண்டாம், கல்வராயன் மலைப் புளி மூட்டை இறங்கும் நாளில் ஸ்டூல் மேஜைக்கடியில் போய்விட வேண்டும். மூன்று கால் மேடுபள்ளத் தரையில் ஆடாது என்பது உண்மை. ஆயினும் இரு கால்களுக்கு நடுவே சாய்ந்தால் கவிழும். இந்த உயரத்துக்கு நான்கு கால்களே நல்லது. அடிப்பாகம் பலகை விளிம்பைத் தாண்டிச் சற்று விரிந்திருக்கட்டும்.

மறக்கவே கூடாதது கால் வைக்கும் சட்டம். இருக்கைக்கு 16, 17 அங்குலம் கீழே வர வேண்டும். அது இல்லாவிட்டால் கால் தொங்கித் தொடை மரத்துப்போகும். அரைமணி நேரத்தில் ஆள் எழுந்துவிடுவார்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. சிலையின் முகத்தை அளவுகோலாக வைத்து மற்ற உறுப்புகளைப் பிரிக்கும் மரபில் வந்தவர்களுக்கு, மேஜையை வைத்து ஸ்டூலை அளப்பது பெரிய காரியமல்ல. பூவேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உட்காருகிற இடமாயிற்றே! முதலில் ஒன்று செய்து, கடையிலேயே குள்ளமானவரை ஒரு வாரம் உட்காரச் சொல்லிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு முன்பணம் கொடுக்கலாம்.