தயிர் சாதம் சாப்பிடலாம், தாளிக்கத்தான் கூடாது

சித்தப்பாவுக்கு கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கருவியை விட்டுப் பார்க்கும் பரிசோதனை, என்று முடிவானதும், "வயிறு காலியா இருக்கணும்" என்று சித்தி இரண்டு நாளைக்கு மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சிதான் கொடுத்தார். மனிதர் துவண்டுபோனார். அத்தனையும் பட்டும், குடல் சுவரில் பழுப்பாகச் சக்கை ஒட்டியிருக்கிறது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

பட்டினி கிடந்தால் குடல் சுத்தமாகிவிடுமா? ஆகாது. ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் பித்தநீரும் சளியும் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதையெல்லாம் கழுவி வெளியேற்றத்தான் பேதி மருந்து தருகிறார்கள். கழுவினாலும் போகாத சக்கையை உள்ளே அனுப்பாமல் இருந்தால் போதும்.

சத்தான சாப்பாடுதானே, என்ன செய்யும்? மற்ற நாளில் நல்லது செய்கிற கேழ்வரகு, கம்பு, கீரை, சுண்டல், கொய்யா எல்லாம் இப்போது ஆகாது. நார்ச்சத்துதான் சக்கையாக மிஞ்சுகிறது. வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, முள் நீக்கிய மீன், தோல் உரித்த உருளைக்கிழங்கு போதும். பலருக்கு முந்தைய நாள் மட்டும் இந்தப் பத்தியம் இருந்தால் சரி. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு மருத்துவர் இன்னும் சில நாள் கூட்டிச் சொல்லலாம்.

தயிர் சாதமும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதில் தாளித்துக் கொட்டும் கடுகு, கறிவேப்பிலை, கிள்ளிப் போட்ட மிளகாயின் விதை எதுவும் வேண்டாம். குடலில் தேங்கிய நீரை உறிஞ்சி எடுக்கும் வழி அந்தக் கருவிக்குள் 4 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. நாலைந்து கடுகும் ஒரு துண்டு கறிவேப்பிலையும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். தக்காளி விதை, கத்தரிக்காய் விதைக்கும் இதே கதைதான்.

தண்ணியா இருந்தால் எதையும் குடிக்கலாமா? கூடாது. சாப்பாட்டை நிறுத்திய பிறகு பால், மோர், கஞ்சி எதுவும் கூடாது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் குடிக்கலாம். வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத டீ எல்லாம் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீர் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். ரோஸ் சர்பத், மாதுளை, பீட்ரூட் சாறு வேண்டாம். உள்ளே அந்தச் சிவப்பு ரத்தம்போலத் தெரியும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் சோடியம் இறங்கிவிடும்.

நாலு தடவை போயாச்சு, மீதி மருந்து எதற்கு? நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தால், கடைசி டம்ளர் வரை குடித்தாக வேண்டும். பெரும்பாலும் பாதியை முந்தைய மாலையிலும், மீதியை பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வார்கள். இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் நீர் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடுகிறது, அதைக் கழுவத்தான் அந்த இரண்டாம் பாதி. போவது சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக இருந்தால் குடல் தயார். அந்த மஞ்சள் பித்தநீரின் நிறம், பயப்பட வேண்டாம். குடிக்கக் குமட்டினால் மருந்தைக் குளிரவைத்து மெதுவாகக் குடியுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கைவைத்தியம் கூடவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து இவற்றை நிறுத்துவதா, குறைப்பதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தடவை சித்தப்பா முந்தைய நாள் காலையில் இட்லியும், மதியம் தாளிக்காத தயிர் சாதமும் சாப்பிட்டார். மருந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். முதல் தடவை சக்கை மறைத்திருந்த இடத்தில் சின்னதாக ஒரு பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தது. அப்போதே அகற்றிவிட்டார்கள்.